பக்கத்து மாத்திரை

(நூலக வாசகர் வட்டம் ஒன்றின் மாதக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற மருந்தியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பை அழைப்பிதழில் பார்த்துவிட்டு, இலவச இதய முகாம் நடக்கிறதா என்று சிலர் விசாரித்தார்களாம். முகாம் இல்லை. நான் வைத்தியம் பார்க்கிறவனும் இல்லை. மருத்துவ மாணவர்களுக்கு மருந்தியல் நடத்திப் பிழைத்தவன். ஆகவே யாருடைய மாத்திரையையும் இங்கே கூட்டப் போவதில்லை, குறைக்கப் போவதில்லை. துடிப்பைச் சீராக்க என்று தரும் மருந்து எப்போது துடிப்பையே கெடுக்கிறது, அதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது என்பது மட்டும்தான் பேச்சு.

1912-இல் வென்கெபாக் என்ற டச்சு மருத்துவரிடம் ஒரு வணிகர் வந்தார். நாடி தாறுமாறாக ஓடுகிறது. இன்று ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிறோமே, அதுதான். இதற்கு மருந்து இல்லை என்று மருத்துவர் கைவிரிக்க, மருந்து தன்னிடம் இருக்கிறது என்றார் வணிகர். மறுநாள் காலை சீரான நாடியோடு வந்து நின்றார். அவர் விழுங்கியது 1 கிராம் குவினைன். மலேரியாவுக்குச் சாப்பிடுவார்களே, அதே சின்கோனா மரப்பட்டைச் சரக்கு. வென்கெபாக் 1914-இல் இதை எழுதி வைத்தார். 1918-இல் ஜெர்மனியில் வால்டர் ஃப்ரை அந்தப் பட்டையின் சத்துகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, எல்லாவற்றிலும் வீரியமானது குவினிடின் என்று கண்டார். நோயாளி சொல்லித்தான் டாக்டருக்குத் தெரிந்தது என்பதற்காகவே இந்தக் கதை எனக்குப் பிடிக்கும்.

கதை அங்கே நிற்கவில்லை. குவினிடின் சாப்பிட்டவர்களில் சிலர் திடீரென்று மயங்கி விழுந்தார்கள். சிலர் எழுந்திருக்கவே இல்லை. இதய நோயாளிதானே, நோய் முற்றிவிட்டது என்று வெகுகாலம் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். செல்சர், ரே என்ற இருவர் 1964-இல் இ.சி.ஜி. சான்றோடு எழுதினார்கள்: மயக்கத்துக்குக் காரணம் நோய் இல்லை, மருந்து. துடிப்பைத் திருத்தக் கொடுத்த மருந்தே இதயத்தின் கீழறையைத் தறிகெட்டு நடுங்க வைக்கிறது. 1966-இல் பாரிஸ் மருத்துவர் டெசர்ட்டென், அச்சைச் சுற்றி முறுக்கிக்கொண்டு ஓடும் ஒரு விபரீதத் துடிப்பை வரைந்து காட்டி அதற்கு டோர்சாட் என்று பெயர் வைத்தார். குவினிடின் ஆட்களை வீழ்த்தியதும் பெரும்பாலும் இந்த வகையில்தான்.

எப்படி நடக்கிறது இது? இதயம் ஒவ்வொரு முறை சுருங்கிய பிறகும் அதன் செல்கள் மின்சார ரீதியில் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அதற்கு ஆகும் நேரத்தை இ.சி.ஜி. தாளில் கியூ-டி என்று அளப்பார்கள். துடிப்பு மருந்துகளில் பல இந்த நேரத்தை நீட்டித்தான் வேலை செய்கின்றன. நீட்டினால் கள்ளத் துடிப்பு உள்ளே நுழைய இடம் கிடைக்காது. அளவு மீறி நீண்டால் கதை மாறும். திரும்பிக்கொண்டிருக்கும் ஊஞ்சலைப் பாதி வழியில் யாராவது தள்ளினால் கோணிக்கொண்டு போகுமே, அப்படி ஆகிவிடுகிறது. ஆக, மருந்தின் குணமும் தோஷமும் இங்கே வேறு வேறு இல்லை. ஒரே செயலின் இரண்டு அளவுகள்.

இதைவிடப் பெரிய பாடம் 1989-இல் அமெரிக்காவில் கிடைத்தது. என் மாணவர்களுக்கு ஒரு வகுப்பு மட்டும்தான் எடுக்கலாம் என்றால் இதைத்தான் எடுப்பேன்.

மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்குக் கீழறையிலிருந்து கூடுதல் துடிப்புகள் வரும். அவை அதிகம் உள்ளவர்கள் திடீர் மரணம் அடைவதும் அதிகம். அப்படியானால் அந்தத் துடிப்புகளை மருந்து கொடுத்து அடக்கினால் உயிர் தப்புமே? மறுக்க முடியாத தர்க்கம்தான். எண்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற மருந்துகள் அந்தத் துடிப்புகளை அழகாக அடக்கின. மருத்துவர்களும் தாராளமாக எழுதினார்கள். உண்மையிலேயே உயிர் காக்கிறதா என்று பார்க்க 1987-இல் காஸ்ட் என்ற ஆய்வு தொடங்கியது. பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுப்பது அநியாயம் என்று நினைத்த மருத்துவர்கள்கூட அன்று இருந்தார்கள்.

இந்த இரண்டு மருந்துகளின் பிரிவில் 1,498 பேர். அதிலும், மருந்துக்குத் துடிப்பு அடங்குகிறது என்று முதலில் சோதித்துப் பார்த்தே சேர்த்தார்கள். சராசரி 10 மாதம் பின்தொடர்ந்தபோது, ஏறத்தாழ சமமான இரண்டு குழுக்களில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் இறந்தவர்கள் 26 பேர். மருந்து சாப்பிட்டவர்களில் 63 பேர். 1989 ஏப்ரலில் அந்தப் பிரிவை அவசரமாக நிறுத்தினார்கள்.

இதில் என்னை உலுக்குவது எண்ணிக்கை மட்டும் இல்லை. அந்த 63 பேரின் இ.சி.ஜி.யும் சுத்தமாக இருந்திருக்கும். ‘ரிப்போர்ட் நார்மல்’ என்று வீட்டில் சந்தோஷப்பட்டிருப்பார்கள். தாள் சரியாக இருப்பதும் ஆள் பத்திரமாக இருப்பதும் ஒன்றல்ல என்று மருத்துவ உலகம் அன்று கற்றுக்கொண்டது. ஃப்ளெகைனைடு இன்றும் இருக்கிறது, நல்ல மருந்துதான். ஆனால் மாரடைப்புத் தழும்பு உள்ள இதயத்துக்கும் பலவீனமான இதயத்துக்கும் அது ஆகாது. பக்கத்து வீட்டுக்காரருக்குப் படபடப்பு நின்றதே, அதே மாத்திரையை நானும் போடுகிறேன் என்பது ஏன் கூடாது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டியதில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே நான் அதிகம் பயப்படுவது இதய மாத்திரையைக் கண்டு இல்லை. அதன் பக்கத்தில் வந்து உட்காரும் மாத்திரையைக் கண்டு. இதய டாக்டர் ஒரு மருந்து எழுதுகிறார், கணக்குப் பார்த்துத்தான் எழுதுகிறார். ஆறு மாதம் கழித்து ஒரு சளிக் காய்ச்சல். வேறு டாக்டர், அல்லது மருந்துக் கடையில் கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் தம்பி, மூன்று நாளைக்கு அசித்ரோமைசின் தருகிறார். கூடவே வயிற்றுக்கு ஒரு கேப்சூல். காலையில் வெறும் வயிற்றில் போடுவோமே, பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்தது, அதுதான். வாந்திக்கு ஓண்டான்செட்ரான். அசித்ரோமைசின், டோம்பெரிடோன், ஓண்டான்செட்ரான் மூன்றுமே கியூ-டி நேரத்தை நீட்டக்கூடியவை. ஏற்கெனவே சோடலால், அமியோடரோன் போன்ற துடிப்பு மருந்தைச் சாப்பிடுகிறவர் உடம்பில் இவை மேலே மேலே ஏறி உட்காருகின்றன. காய்ச்சலோடு பேதியும் சேர்ந்து பொட்டாசியம் இறங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். தனித்தனியாகப் பார்த்தால் ஒருவர் எழுதியதிலும் தப்பில்லை. நான்கையும் ஒரே தாளில் பார்த்தவர்தான் யாரும் இல்லை.

டோம்பெரிடோனை ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இலேயே வாந்தி குமட்டலுக்கு மட்டும், 10 மி.கி. வீதம், கொஞ்ச நாளைக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. காரணம் இதயம். இங்கே 30 மி.கி. உள்ள கேப்சூலை ஆண்டுக்கணக்கில் காலைக் காப்பிக்கு முன்னால் விழுங்குகிறோம். டாக்டர் எழுதிய நாள்கூட மறந்திருக்கும். சிசாப்ரைடு என்று இன்னொரு வயிற்று மருந்து இருந்தது. அதுவும் இதயத் துடிப்பைக் குலைத்ததால்தான் 2011-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. வயிற்று மாத்திரை வயிற்றோடு நின்றுவிடும் என்று யார் சொன்னது?

இனி அமியோடரோன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவ்வளவு பயனும் இவ்வளவு தொல்லையும் ஒரே மாத்திரைக்குள் அடைபட்டிருப்பது அபூர்வம். எகிப்தில் சிறுநீர்க் கல்லுக்குத் தரும் ஒரு செடியின் சத்து கெல்லின். 1946-இல் கெய்ரோவில் ஆன்ரெப் என்ற ரஷ்ய உடலியல் அறிஞர், அதைச் சாப்பிட்ட தன் ஆய்வக ஊழியருக்கு நெஞ்சுவலி விட்டுப் போனதைக் கவனித்தார். அந்த வழியில் தேடிப்போன பெல்ஜியம் கம்பெனி ஒன்று 1961-இல் அமியோடரோனை நெஞ்சுவலி மருந்தாகத்தான் செய்தது. துடிப்பை அடக்கும் குணத்தை ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ந்து 1970-இல் வெளியிட்டவர் ஃபிஜித் தீவில் பிறந்த பிரமா சிங். அர்ஜென்டினாவின் ரோசன்பாம் நோயாளிகளிடம் அதை நிரூபித்துக் காட்டினார். பலவீனமான இதயத்துக்கும் கொடுக்கலாம் என்பது இதன் பெரிய பலம்.

இப்போது அதன் உள்ளே பார்ப்போம். எடையில் 37 சதவீதம் அயோடின். 200 மி.கி. மாத்திரை ஒன்றில் ஏறத்தாழ 75 மி.கி. அயோடின் இருக்கிறது, அதில் சுமார் 6 மி.கி. ஒவ்வொரு நாளும் உடம்பில் அவிழ்ந்து கலக்கும். ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்குத் தேவை 150 மைக்ரோகிராம், அதாவது அந்த 6 மி.கி.யில் 40-இல் ஒரு பங்கு. தைராய்டு சும்மா இருக்குமா? சிலருக்கு அது சோர்ந்துபோகும்: உடம்பு கனக்கும், குளிரும், மலம் கட்டும். வயசாயிற்று என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். சிலருக்கு அது மிஞ்சிப்போகும்: எடை குறையும், கை நடுங்கும், அடங்கியிருந்த படபடப்பு மறுபடி கிளம்பும். மருந்து வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டத் தோன்றும் நேரம் அதுதான். கூட்டுவதற்கு முன் தைராய்டைப் பார்க்க வேண்டும்.

நுரையீரல் பாதிப்பு அரிது, ஆனால் பொல்லாதது. வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, லேசான காய்ச்சல். இதய பலவீனம் என்று நீர் மாத்திரை ஏறும், சளி என்று ஆன்டிபயாடிக் ஏறும், நம் ஊரில் சில சமயம் டி.பி.யோ என்று சந்தேகமும் வரும். நான் அமியோடரோன் சாப்பிடுகிறேன் என்று அந்த அறையில் ஒருவர் சொன்னால் போதும், விசாரணை வேறு பக்கம் திரும்பும். கல்லீரலும் கெடலாம். கண்ணின் கருவிழியில் படிவு சேர்வது ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. ராத்திரியில் தெருவிளக்கைச் சுற்றி வட்டம் தெரியலாம், பெரும்பாலும் அதற்குமேல் தொல்லை இல்லை. பார்வையே மங்கினால் மட்டும் தாமதிக்கக் கூடாது. வெயில் பட்ட தோல் சீக்கிரம் கன்றிப்போகும்; வெகுநாள் சாப்பிட்ட சிலருக்கு முகம் சாம்பல் நீலமாக மாறும். வயலிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்களுக்குக் குடை பிடி, முழுக்கைச் சட்டை போடு என்று யாராவது சொல்லியாக வேண்டும். சொல்கிறோமா?

ஆகவே தொடங்கும் முன் தைராய்டு, கல்லீரல் ரத்தச் சோதனைகள், மார்பு எக்ஸ்ரே, இ.சி.ஜி.; பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த ரத்தச் சோதனைகள், ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்ரேயும் இ.சி.ஜி.யும். இது ஆடம்பரம் இல்லை. மாத்திரையின் விலையிலேயே இதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று, மருந்துச் சீட்டு. அமியோடரோனை முதலில் அதிக அளவில் தொடங்கி, பிறகு இறக்குவார்கள். ஒரு வாரம் மூன்று வேளை, அடுத்த வாரம் இரண்டு வேளை, அப்புறம் ஒன்று என்று எழுதியிருக்கும். சீட்டின் மேல்வரி மட்டும் கண்ணில் பட்டு, அட்டை தீர்ந்ததும் அதே சீட்டைக் கடையில் நீட்டி, மூன்று வேளையாகவே மாதக்கணக்கில் ஓடுவது நடக்கிறது. மருந்து வேலை செய்யாததால் வருகிற கோளாறு இல்லை இது; தமிழில் நாலு வரி எழுதாததால் வருவது.

அமியோடரோனுக்கு அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போகாத சுபாவமும் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரினோ அசிட்ரோமோ சாப்பிடுகிறவருக்கு இதைச் சேர்த்தால் அவற்றின் வீரியம் ஏறும். அளவைக் குறைத்து, ஐ.என்.ஆர். என்ற ரத்த உறைவுச் சோதனையை அடிக்கடி பார்க்காவிட்டால் ரத்தக்கசிவு. டிகாக்சின் என்ற இதய மருந்தோடு சேர்த்தால் டிகாக்சினை ஏறத்தாழப் பாதியாக்க வேண்டும். கொழுப்பு மாத்திரை சிம்வாஸ்டாடின் 20 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. போனால் தசை கரையலாம்.

டிகாக்சின் என்றதும் இங்கிலாந்து மருத்துவர் விதரிங்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஷ்ராப்ஷயர் பக்கத்துக் கிழவி ஒருத்தி நீர்க்கோவைக்கு இருபது சரக்குக்கு மேல் போட்டுக் கஷாயம் கொடுத்துவந்தாள். அதில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் இலை ஒன்றுதான் என்று கண்டுபிடித்து, பத்தாண்டு கவனித்து, 1785-இல் புத்தகம் போட்டார். மருந்தின் பெருமையை மட்டும் எழுதவில்லை. அளவு மீறினால் வாந்தி வரும், பார்ப்பதெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகத் தெரியும், நாடி விழும் என்று நஞ்சின் அடையாளங்களையும் அதே புத்தகத்தில் வைத்தார். அந்த நேர்மை இன்றைய விளம்பரத் தாள்களில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது.

நம் ஊரில் டிகாக்சின் சாப்பிடுகிறவர்களில் பலர் சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்கள், பெரும்பாலும் பெண்கள். இவர்களுக்குப் புதிய உறைவெதிர்ப்பு மாத்திரைகளைவிட வார்ஃபரின், அசிட்ரோம் வகையே மேல் என்று 2022-இல் வந்த பன்னாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. ஆக, டிகாக்சினோடு அசிட்ரோம், காலில் நீர் கோத்தால் நீர் மாத்திரை என்று கூட்டமாகவே வரும். நீர் மாத்திரை பொட்டாசியத்தை இழுத்துக்கொண்டு போகும். பொட்டாசியம் குறைந்தால் அதே அளவு டிகாக்சின் நஞ்சாகும். டிகாக்சின் வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. எழுபது வயதில் கிட்னி மெதுவானால், நாற்பது வயதில் ஒத்துக்கொண்ட அளவு ரத்தத்தில் தேங்கும். முதல் அடையாளம் மார்பில் தெரியாது, தட்டில் தெரியும். ரசம் சாதம்கூட வேண்டாம் என்று பாட்டி தட்டைத் தள்ளிவைப்பார். குமட்டல், அசதி, கொஞ்சம் குழப்பமான பேச்சு. பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டிராமல் நாடியைப் பிடித்துப் பாருங்கள்.

இருமலுக்கு அதிமதுரம் சப்புவது நம் வீட்டுப் பழக்கம். எப்போதாவது ஒரு துண்டு என்றால் பரவாயில்லை. தினமும் கஷாயமாகக் குடித்தால் அதுவும் பொட்டாசியத்தை இறக்கும். டிகாக்சினும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு வேண்டாம். நாட்டு மருந்து என்பதால் டாக்டரிடம் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: டிகாக்சினே ஒரு இலையிலிருந்து வந்ததுதான். நம் தோட்டத்து அரளியில் இருக்கும் நஞ்சு அதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். டிகாக்சினுக்கு எதிராகச் செய்த முறிமருந்து அரளி நஞ்சுக்கும் கேட்கும் என்று 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் நிரூபித்தது இலங்கையில்தான்.

மெட்டோபிரலால் போன்ற பீட்டா தடுப்பிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அசதி வரும், கைகால் சில்லிடும், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சு இறுகலாம். சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது, அதை நம்புங்கள். திடீரென்று நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து, நெஞ்சுவலி பாய்ந்து வரும். வெளியூர் கல்யாணத்துக்குப் போகும்போது மறந்துபோவது பெரும்பாலும் இந்த அட்டையைத்தான். வெரபமில் என்ற இன்னொரு துடிப்பு மருந்தும் பீட்டா தடுப்பியும் ஒன்றாக ஓடினால் நாடி அபாயமாக விழலாம்.

நாடி பார்ப்பது கஷ்டமில்லை. கட்டைவிரலுக்கு நேர்கீழே மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவருக்குப் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு தப்பும், வீட்டு பி.பி. மெஷினும் தப்பாகக் காட்டலாம். உட்கார்ந்திருக்கும்போது 50-க்குக் கீழே, கூடவே கிறுகிறுப்பு என்றால் அன்றே டாக்டரைப் பாருங்கள். கண் இருட்டி விழுந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை, 108.

துண்டுச் சீட்டில் சில கேள்விகள் வந்திருக்கின்றன.

மறந்துபோன மாத்திரையை மறுவேளை இரட்டிப்பாகப் போடலாமா? கூடாது. அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள்.

கீரை சாப்பிடலாமா, அசிட்ரோம் சாப்பிடுகிறேன் என்கிறார் ஒருவர். சாப்பிடலாம். ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அளவு ஒரே மாதிரி இருக்கட்டும்.

பம்பளிமாஸ்? அமியோடரோனோடு கிரேப்ஃப்ரூட் சாறு கூடாது என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. பம்பளிமாஸ் அதே இனம், விட்டுவிடுவது நல்லது. ஆரஞ்சு, சாத்துக்குடிக்குத் தடை இல்லை.

கடைசிச் சீட்டு: ‘அமியோடரோனை டாக்டரே நிறுத்திவிட்டார், இரண்டு மாதம் ஆகிறது. இப்போது கண் புரை ஆபரேஷன். அதைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?’ கட்டாயம் சொல்லுங்கள். இந்த மருந்து கொழுப்பில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். உடம்பிலுள்ளதில் பாதி வெளியேறவே சராசரியாக 58 நாள் ஆகும், சிலருக்கு நூறு நாளையும் தாண்டும். நீங்கள் நிறுத்திவிட்டீர்கள், அது இன்னும் நிறுத்தவில்லை. கண் டாக்டரிடம் சொல்லுங்கள், மயக்க மருந்து கொடுப்பவரிடம் தனியாகச் சொல்லுங்கள், ஆபரேஷனுக்குப் பிறகு எழுதித் தரும் ஆன்டிபயாடிக்கை வாங்கும்போது கடைக்காரரிடமும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.